ஒருவருக்குப் பேசும் பெட்டி மற்றொருவருக்கு ஊமையாவதேன்?

(ஒரு படிப்பகத்தில் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் கேட்பதற்கு அற்பமாகத் தோன்றக்கூடும். பல பேர் சேர்ந்து உபயோகிக்கின்ற ஒரு கம்ப்யூட்டரில் சத்தம் வராமற்போனால் என்ன செய்வது என்பதே அது. "இதற்கு ஒரு கூட்டமா? இதற்கு ஒரு பிரசங்கமா?" என்று சிலர் சிரிக்கலாம். தனக்கென்று ஒரு பெட்டி, தன் பிள்ளைக்கென்று ஒரு பெட்டி, சட்டைப் பையில் ஒரு செல்போன் என்று வைத்திருப்பவர்கள் தாராளமாய்ச் சிரிக்கட்டும். அவர்கள் ஒன்றில் சத்தம் வராவிட்டால் மற்றொன்றில் கேட்டுக்கொள்வார்கள். நாம் அவர்களுக்காகப் பேச வரவில்லை. ஊருக்கு ஒரு படிப்பகமும், படிப்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டருமாய் இருக்கின்ற இடத்தில், அந்த ஒன்றை நம்பிப் பத்துப் பேர் முறை வைத்துக் காத்திருக்கிறார்களே, அவர்களுக்காகவே பேசுகிறோம்.

அந்தப் பத்துப் பேரிலும் முக்கியமாய் ஒருவருக்காகப் பேசுகிறோம். அவர் கண்பார்வை இல்லாத தோழர். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஆர்கா என்று ஒரு புரோகிராம் உண்டு. அது திரையில் உள்ள எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும். ஈஸ்பீக் என்கின்ற குரல் புரோகிராம் அதற்குத் துணை நின்று தமிழையும் படிக்கும். அந்தக் குரல் இயந்திரக் குரல்தான். முதல் நாள் கேட்கின்றவருக்குக் காது கூசும். பழகிவிட்டால் நாம் கண்ணால் படிக்கின்ற வேகத்துக்கு மேலேயே காதால் படித்துவிடுவார்கள். ஆகவே அவருக்கு ஸ்பீக்கர்தான் திரை. சத்தம் நின்றுபோனால் நமக்கு ஒரு பாட்டு நின்றது என்று அர்த்தம். அவருக்குப் பெட்டியே நின்றுபோனது என்று அர்த்தம். அதோடு, சத்தத்தின் அடையாளத்தில் குறுக்கே கோடு போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்திக் கொள்ளவும் அவரால் முடியாது. எந்தக் கருவியைக் கொண்டு கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்தக் கருவியே கோளாறாகிவிட்டது. இதைவிடக் கஷ்டமான நிலைமை வேறென்ன இருக்கிறது?

சரி, அப்படிப்பட்ட நேரத்தில் நம் படிப்பகங்களில் நடப்பது என்ன? காலையில் ஒரு மாணவர் வந்து தன் பேரில் உள்ளே நுழைந்து பாடம் கேட்டுவிட்டுப் போகிறார். மத்தியானம் இந்தத் தோழர் வந்து தன் பேரில் நுழைகிறார். பெட்டி மூச்சு விடுவதில்லை. படிப்பகப் பொறுப்பாளரைக் கூப்பிடுகிறார். பொறுப்பாளர், "காலையில் நன்றாய்த்தானே கேட்டது!" என்கிறார். மாணவரைத் திரும்ப வரவழைத்து அவர் பேரில் நுழையச் செய்தால் கணீரென்று பாடுகிறது. உடனே எல்லோருமாய்த் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை அய்யா, உமக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை."

தோழர்களே! இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை, பாதி அநியாயம். பெட்டியில் கோளாறு இல்லை என்பது ஒருக்கால் உண்மையாயிருக்கலாம். ஆனால் அதிலிருந்து அந்த மனிதரிடத்தில்தான் கோளாறு என்று எப்படி வந்தது? ஒருவருக்கு வருகிறது, மற்றொருவருக்கு வரவில்லை என்றால், அந்த இரண்டு பேருக்கும் நடுவே பெட்டிக்குள் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பது மாத்திரமே ருஜுவாகிறது. அந்த வித்தியாசம் என்ன என்று தேடுவதுதான் அறிவுள்ளவர்கள் வேலை. "எனக்கு வருகிறதே" என்பது பதிலல்ல. அது விசாரணைக்குக் கிடைத்த முதல் சாட்சி. அதை வைத்துக்கொண்டு மேலே விசாரிக்க வேண்டுமே ஒழியக் கேஸைத் தள்ளிவிடக்கூடாது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இன்று நாம் பேசுவதெல்லாம் லினக்ஸைப் பற்றித்தான். விண்டோஸின் உள் ஏற்பாடு வேறு, அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். அது 1969ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலானவர்கள் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் என்பது ஒரு அறை கொள்ளும் சாமான். விலையோ சொல்லி முடியாது. ஆகையால் ஒரு பெட்டியைப் பல பேர் பங்கு போட்டுக் கொள்வது என்கின்ற எண்ணத்தின் மேலேயே அது கட்டப்பட்டது. யார் யார் எதை எதைத் தொடலாம், யாருடைய காகிதத்தை யார் படிக்கலாம் என்பதற்கெல்லாம் ஆதியிலேயே விதி வைத்தார்கள். 1991ல் பின்லாந்தில் லைனஸ் டார்வால்ட்ஸ் என்கின்ற மாணவர் லினக்ஸை ஆரம்பித்தபோதும் அந்த விதிகளையே கைக்கொண்டார்.

ஆனால் சத்தம் என்பது பிந்தி வந்த விருந்தாளி. 1992ல் ஹன்னு சவோலாய்னன் என்பவர் லினக்ஸுக்குச் சத்தம் கொடுக்கும் புரோகிராமைச் செய்தார். அது பெரிய உபகாரந்தான். ஆனால் சாதாரணமான சவுண்டு கார்டுகளில் ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம் மாத்திரமே அதைப் பிடித்துக்கொள்ள முடியும். ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது காத்திருக்க வேண்டியதுதான். பிறகு யாரஸ்லாவ் கைஸெலா என்பவர் 1998ல் தொடங்கிய ஆல்ஸா என்கின்ற ஏற்பாடு வந்து, 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6ல் நிலையான இடம் பெற்றது. இன்றைக்கும் கார்டோடு நேரே பேசுவது அதுதான்.

அதற்கு மேலே ஒரு நடுவர் வேண்டியிருந்தது. பாட்டு ஒரு பக்கம், டெலிபோன் பேச்சு ஒரு பக்கம், அறிவிப்பு மணி ஒரு பக்கம் என்று பல சத்தங்களைக் கலந்து ஒன்றாய்க் கார்டுக்குக் கொடுப்பவர் வேண்டுமே! லெனார்ட் போட்டரிங் என்பவர் 2004ல் ஆரம்பித்த பல்ஸ்ஆடியோ அந்த வேலைக்கு வந்தது. 2007ல் ஃபெடோராவும் 2008ல் உபுண்டுவும் அதை வழக்கமான ஏற்பாடாகச் சேர்த்துக்கொண்டன. இப்போது அதன் இடத்தில் விம் டேமன்ஸ் என்பவர் செய்த பைப்வயர் உட்கார்ந்திருக்கிறது: ஃபெடோராவில் 2021 முதல், உபுண்டுவில் 2022 அக்டோபர் வெளியீடு முதல். பெயர் மாறிற்றே தவிர ஒரு விஷயம் மாறவில்லை. அந்த ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் மனதில் இருத்த வேண்டும். அதாவது, இந்த நடுவர் பெட்டிக்கு ஒருவர் அல்ல, ஆளுக்கு ஒருவர். நீங்கள் உங்கள் பேரில் நுழைந்தால் உங்களுக்கென்று ஒரு நடுவர் கிளம்புகிறார். இன்னொருவர் நுழைந்தால் அவருக்கென்று வேறொரு நடுவர். உங்கள் சத்தத்தின் அளவு, நீங்கள் அடைத்து வைத்தது, எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னது எல்லாம் உங்கள் நடுவரின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். அடுத்தவர் புத்தகத்தில் இருக்காது.

நிற்க. நடுவர் பலர், சவுண்டு கார்டோ ஒன்றே. அப்படியானால் கார்டு யார் கையில் இருக்க வேண்டும்? இதோ இந்தக் கூட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். மேடையில் மைக் ஒன்றுதான் இருக்கிறது. பேசப் போகிறவர்களோ நாலு பேர். தலைவரவர்கள் யார் பேரைக் கூப்பிடுகிறாரோ அவர் எழுந்து வந்து பேசுகிறார்; அடுத்தவரைக் கூப்பிட்டதும் முன்னவர் விட்டுவிட்டு உட்காருகிறார். லினக்ஸிலும் அப்படி ஒரு தலைவர் உண்டு. லாகின்டி என்று பேர். திரைக்கு முன்னால் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அவருக்குக் கார்டைத் தொடும் அனுமதியைக் கொடுப்பார். ஆள் மாறினால் அனுமதியையும் மாற்றுவார். முன்னவர் வெளியேறாமல் "ஸ்விட்ச் யூசர்" என்று மாத்திரம் அழுத்திவிட்டுப் போயிருந்தாலும், அவருடைய நடுவர் மரியாதையாய்க் கார்டை விட்டு ஒதுங்கிக் கொள்வார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தத் தலைவர் கூப்பிடுவாரே தவிர, கையைப் பிடித்து இழுக்க மாட்டார். அனுமதி என்பது கார்டைத் திறக்கின்ற சமயத்தில் பார்க்கப்படுவது. முன்பே திறந்து பிடித்துக் கொண்டிருக்கின்ற புரோகிராம் ஒன்று, நடுவரைக் கேட்காமல் நேரே ஆல்ஸா வழியாய்ப் போனதாயிருந்தால், அது விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அடுத்தவர் வந்தால் "வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது" என்கின்ற பதில்தான் கிடைக்கும். மேடையை விட்டு இறங்காத பேச்சாளர்களை நீங்கள் பார்த்ததில்லையா? (சிரிப்பு.) இங்கேயும் அப்படித்தான்.

இப்போது பெட்டியைத் திருத்துகின்ற காரியத்துக்கு வருவோம். சத்தம் வரவில்லை என்றதும் அநேகர் செய்வது ஒரே காரியம்: ஆஃப் செய்து ஆன் செய்வது. செய்தால் சரியாகியும்விடுகிறது. ஏன் சரியாகிறது என்று யாராவது கேட்டதுண்டா? ரீஸ்டார்ட் செய்தால் வெளியேறாமல் உள்ளே கிடந்த அத்தனை பேரும் ஒட்டுமொத்தமாய் வெளியே தள்ளப்படுகிறார்கள். கார்டைப் பிடித்துக் கொண்டிருந்தவன் கையும் விட்டுப்போகிறது. அவ்வளவுதான் அதன் மகிமை. நாளைக்கும் அதே ஆள் அதேமாதிரி வெளியேறாமல் போனால் நாளைக்கும் அதே தொல்லை வரும். காரணம் தெரியாமல் செய்கின்ற காரியம் பலித்தாலும் அது நமக்கு ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சிலர் ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். அங்கே சிலர் பெட்டியை முழுதும் அழித்துப் புதிதாய் எழுதி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பேர் ஒன்றை வைத்துக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கிக் கொள்கிறார்கள். பத்துப் பேருடைய காகிதங்களும் போயின. சத்தம் மாத்திரம் வந்தது. தலைவலிக்குத் தலையை எடுத்த வைத்தியம் இது.

நாம் சொல்லும் முறை இதுதான். முதலில் ஸ்பீக்கருக்குக் கரண்டு இருக்கிறதா, ஒயர் பச்சைத் துளையில் செருகியிருக்கிறதா, யாராவது ஹெட்போனைச் செருகிவிட்டு எடுக்காமல் போயிருக்கிறார்களா என்று கையால் தடவிப் பாருங்கள். இதைச் சொன்னால் கோபித்துக் கொள்கிறார்கள். ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். கண்பார்வையில்லாத தோழரும் தாமே செய்யக்கூடிய சோதனை இது.

அதற்கு அடுத்தபடியாக, வேறு எதிலும் கை வைப்பதற்கு முன்பாக, ஒரு புது யூசரை உண்டாக்குங்கள். "சோதனை" என்றே பேர் வைக்கலாம். எல்லோரையும் முறையாய் வெளியேறச் செய்துவிட்டு, அந்தப் புதுப் பேரில் நுழைந்து பாருங்கள். அந்தப் பேருக்குப் பழைய குறிப்பு ஒன்றுமில்லை; வெள்ளைக் காகிதம். அதில் சத்தம் வந்தால் கார்டு நல்லது, ஸ்பீக்கர் நல்லது, ஒயர் நல்லது. கோளாறு அந்த ஒருவருடைய கணக்குக்குள்தான் இருக்கிறது என்று தீர்ந்தது. புதுப் பேரிலும் வராவிட்டால் கோளாறு எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையால் தேட வேண்டிய இடத்தில் பாதி போய்விடுகிறது. இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் இரண்டு நாள் வீணாக்குகின்றவர்களைப் பார்த்திருக்கிறோம்.

கோளாறு பொதுவானதாயிருந்தால், கார்டு பெட்டிக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்புத் திரையில் ஏப்ளே என்று அடித்து, ஒரு இடம் விட்டு, ஒரு சிறு கோடும் சின்ன எல் எழுத்தும் சேர்த்தால் கார்டுகளின் பட்டியல் வரும். சாதாரண யூசராய்ப் பார்த்தால் "கார்டு இல்லை" என்றும், நிர்வாகியின் அதிகாரமாகிய சூடோவைச் சேர்த்துப் பார்த்தால் "இருக்கிறது" என்றும் சொன்னால், கார்டு கெடவில்லை, உங்களுக்கு அனுமதிதான் இல்லை என்று அர்த்தம். இரண்டிலும் இல்லையென்றால் அது கார்டு, டிரைவர் சம்பந்தப்பட்ட வேறு கதை. செட்டிங்ஸில் "டம்மி அவுட்புட்" என்று ஒரு பேர் தெரிகிறதே, அதற்கும் இதுதான் அர்த்தம்: நடுவர் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கார்டு ஒன்றும் அகப்படவில்லை. அது கார்டு இல்லாததாலும் இருக்கலாம், அனுமதி இல்லாததாலும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கொண்டுதான் நல்ல கார்டைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

ஆல்ஸாமிக்ஸர் என்று அடித்தால் கார்டின் சொந்தத் திருகுகள் தெரியும். எஃப் 6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பாருங்கள். ஒரு கம்பத்தின் அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் அது அடைபட்டிருக்கிறது. எம் எழுத்தை ஒரு தரம் அழுத்தினால் இரண்டு வட்டமாய் மாறித் திறந்துகொள்ளும். இந்தத் திருகு எல்லோருக்கும் பொது. பெட்டியை மூடும்போது இதன் நிலையை எழுதி வைத்து மறுநாள் அதேபடி வைக்கின்ற ஏற்பாடும் உண்டு. ஆகையால் ஒருவர் இங்கே அடைத்துவிட்டுப் போனால் ரீஸ்டார்ட் செய்தாலும் அடைத்தபடியே இருக்கக்கூடும். உங்கள் கணக்கில் நூற்றுக்கு நூறு என்று காட்டினாலும் பொதுத் திருகு அடைத்திருந்தால் சத்தம் வராது. வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டுத் தெருவிலுள்ள வால்வைப் பார்க்காத கதைதான்.

கோளாறு ஒருவருடைய கணக்குக்குள் மட்டும் இருந்தால், நாம் பார்த்தமட்டில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, சத்தம் வேறு இடத்துக்குப் போய்க் கொண்டிருப்பது. மானிட்டருக்குப் போகின்ற எச்டிஎம்ஐ ஒயரிலும் சத்தம் போகும். ஒரு நாள் யாரோ டிவியோடு இணைத்துப் படம் பார்த்தபோது அந்தப் பேரில் எச்டிஎம்ஐ என்று குறித்துக்கொண்டது, டிவியை எடுத்த பிறகும் அப்படியே இருக்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. சத்தம் அங்கே போய் யாருக்கும் கேட்காமல் அழிகிறது. செட்டிங்ஸில் அவுட்புட் என்ற இடத்தில் மாற்றினால் தீர்ந்தது. மற்றொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. சத்தம் வரவில்லை என்று உதவிக்கு வந்த ஒருவர், அந்தத் தோழரின் கணக்கிலிருந்தே சூடோ போட்டு நடுவர் புரோகிராமை ஓட்டிப் பார்த்திருப்பார். அதன் பலனாய் அவருடைய குறிப்புப் புத்தகம் நிர்வாகியின் சொத்தாக மாறிவிடக்கூடும். மறுநாள் அந்தத் தோழரின் நடுவர் தன் புத்தகத்தைத் தானே திறக்க முடியாமல் நிற்பார். உதவி செய்ய வந்தவர் பூட்டிவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்! இதற்குப் பரிகாரம், அவருடைய இருப்பிடத்தில் மறைந்திருக்கும் பல்ஸ் என்ற மடிப்பையும், பைப்வயர் உள்ள பெட்டியானால் வயர்பிளம்பர் என்ற மடிப்பையும் நிர்வாகியின் அதிகாரத்தால் வேறு பேருக்கு மாற்றிவிட்டு, அவரை ஒரு தரம் வெளியேறி உள்ளே வரச் சொல்வதுதான். நடுவர் புதுப் புத்தகம் போட்டுக்கொள்வார். அழிக்க வேண்டாம், பேரை மாற்றினால் போதும். தப்பாயிருந்தால் திரும்ப வைத்துக் கொள்ளலாம்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் கவனமாய்க் கேட்கும்படி வேண்டிக் கொள்ளுகிறோம்.

யாரைக் கேட்டாலும் சொல்லுகின்ற ஒரு குறுக்கு வழி இருக்கிறது. "ஆடியோ என்று ஒரு குரூப் இருக்கிறது. எல்லா யூசரையும் அதில் சேர்த்துவிடு, தீர்ந்தது" என்பார்கள். பழைய காலத்தில் அது சரியான யோசனையாகவே இருந்தது. ஆனால் இன்றைக்கு அதன் அர்த்தம் என்ன? அந்தக் குரூப்பில் இருப்பவனுக்குத் தலைவர் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவன் திரைக்கு முன்னால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டு அவனுக்குத் திறந்தே இருக்கும். ஆகையால் ஆள் மாறும்போது அவனுடைய நடுவர் ஒதுங்க வேண்டிய காரணமும் இல்லை. அவன் உள்ளே கிடக்கின்ற வரையில் கார்டைப் பிடித்துக் கொண்டிருப்பான். அடுத்தவருக்குச் சத்தம் வராது. எந்த நோய்க்கு மருந்தென்று கொடுத்தார்களோ அந்த நோயையே அது உண்டாக்குகிறது. உபுண்டுக்காரர்களே இந்தக் குரூப்பில் ஆட்களைச் சேர்த்தால் யூசர் மாறும்போது தொல்லை வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதுவாவது போகட்டும். சவுண்டு கார்டு என்றால் சத்தம் வெளியே போகும் வழி மாத்திரமா? இல்லை. மைக்கும் அதே கார்டில்தான் இருக்கிறது. ஆடியோ குரூப்பில் உள்ளவன் சத்தம் கேட்கும் உரிமையை மாத்திரம் பெறவில்லை. ஒலிப்பதிவு செய்யும் உரிமையையும் சேர்த்தே பெறுகிறான். அவன் தன் கணக்கை மூடாமல் ஸ்விட்ச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அல்லது நெட்வொர்க் வழியாய் வேறிடத்திலிருந்து நுழையலாம். நீங்கள் இங்கே உட்கார்ந்து டாக்டரிடம் உங்கள் வியாதியைச் சொல்லிக் கொண்டிருப்பீர்கள், அல்லது வெளிநாட்டிலுள்ள மகனோடு குடும்பக் கஷ்டத்தைப் பேசிக் கொண்டிருப்பீர்கள். அவன் புரோகிராம் அதையெல்லாம் பதிவு செய்ய முடியும். செய்வான் என்று நாம் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் முடியும் என்கின்ற கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் யோக்கியர்களாயிருப்பார்கள் என்று நம்புவது ஏற்பாடு ஆகாது. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மாத்திரம் கார்டு என்று விதி வைத்தார்களே, அது வீண் கெடுபிடியல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா? சத்தம் வரவில்லை என்று நாம் திட்டுகின்ற அந்த விதிதான் நம் பேச்சை மற்றவன் ஒட்டுக் கேட்காமல் காக்கின்ற சுவரும்.

ஆகவே குரூப்பில் யாரார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவசியமில்லாதவர்களை எடுத்துவிடுங்கள். எடுக்கப்பட்டவர் ஒரு தரம் வெளியேறி நுழைந்த பிறகுதான் அது அமலுக்கு வரும். கார்டை இப்போது யார் பிடித்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், ஃபியூசர் என்கின்ற கட்டளையைச் சூடோவோடு சேர்த்துச் சவுண்டு கார்டின் கோப்புகள் மேல் ஓட்டினால், பிடித்திருப்பவர் பேரும் புரோகிராமின் பேரும் வந்துவிடும். அந்தக் கட்டளையைச் சரியான எழுத்துகளில் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்; போகும்போது குறித்துக் கொள்ளுங்கள். யார்மேலும் சந்தேகப்பட வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. பெட்டியே சாட்சி சொல்லிவிடும்.

சில பெட்டிகளில் அந்தப் பட்டியலில் ஜிடிஎம் என்று ஒரு பேர் வரும். அப்படி ஒரு ஆள் நம் ஊரில் இல்லையே என்று திகைக்க வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கின்ற முதல் திரையை ஓட்டுவதற்கென்று பெட்டி தானே வைத்துக் கொண்டிருக்கும் யூசர் அது. அதற்கும் ஒரு நடுவர் உண்டு. சில சமயம் ப்ளூடூத் ஹெட்போனை அது முந்திப் பிடித்துக் கொண்டு விடாமல் இருப்பதுண்டு. அதனால் அதைத் துரத்திவிட வேண்டுமென்று சிலர் எழுதுகிறார்கள். நாம் அதற்குச் சம்மதிக்கமாட்டோம். ஏனென்றால் நம் கண்பார்வையில்லாத தோழருக்கு முதல் திரையிலேயே குரல் வேண்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பதும் பாஸ்வேர்டு அடிப்பதும் அந்தத் திரையில்தானே? அங்கே சத்தத்தை அடைத்துவிட்டு உள்ளே வந்தால் பேசும் என்று சொன்னால், அவர் உள்ளே வருவது எப்படி? விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஸ் அழுத்தினால் க்னோம் திரைகளில் ஆர்கா பேச ஆரம்பிக்கும். பொறுப்பாளர்கள் இந்த மூன்று பட்டன்களையும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் தகராறு செய்தால் படிப்பகத்தில் ஒயர் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்துவிடலாம். விலையும் குறைவு, சார்ஜ் செய்கின்ற தொல்லையும் இல்லை.

பேச்சை முடிக்கும் முன்பு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "எல்லோரும் ஒரே பேரில் நுழைந்தால் இந்த வம்பே இல்லையே, ஏன் ஆளுக்கொரு பேர்?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சத்தத்தின் வம்பு பெரும்பாலும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒருவர் எழுதிய கடிதத்தை எல்லோரும் படிக்கலாம். ஒருவர் மூட மறந்த பேங்க் கணக்கை அடுத்தவர் திறக்கலாம். ஒருவர் என்ன வியாதியைப் பற்றித் தேடினார் என்பதைப் பின்னால் வருகின்றவர் பார்த்துச் சிரிக்கலாம். கண்பார்வையில்லாத தோழர் தம் காதுக்கேற்றபடி ஆர்காவின் வேகத்தையும் குரலையும் வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகின்ற பையன் "இதென்ன தொல்லை, பெட்டி கத்துகிறது" என்று நிறுத்திவிடுவான். மறுநாள் அவர் வந்தால் யாரையாவது கெஞ்சித் திரும்ப ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். தினமும் அவர் கெஞ்ச வேண்டுமா? அவருக்கென்று ஒரு பேர் இருந்தால் அவர் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒருவர் கையையும் எதிர்பாராமல் வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார். ஒரு புதுக் கணக்கு ஆரம்பிப்பதற்குக் காசு ஒன்றும் கிடையாது. இந்தப் படிப்பகத்துப் பெட்டியில் இப்போது மூன்று பேர்தான் பதிவாகியிருக்கிறார்கள் என்று பொறுப்பாளர் சொல்லுகிறார். கூட்டம் கலைந்ததும் வேண்டியவர்கள் இருந்து பேர் கொடுங்கள், இன்றைக்கே பதிந்துவிடுவோம். அந்த ஆடியோ குரூப்பையும் அப்போதே திறந்து பார்த்துவிடலாம்.